ஜெபமே முதல் ஊழியம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1-7, லூக்கா 18:1-8





சில ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியப் பணித்தளம் ஒன்றில், ஓர் இளம் மிஷனெரியின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். மிகவும் உண்மையுள்ள ஊழியர் அவர். தம்முடைய நாட்குறிப்பை எடுத்து எனக்குக் காண்பித்தார். கிராம சந்திப்புகள், சிறுவர் வகுப்பு, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், மாத அறிக்கை, கணக்கு எழுதுதல் என்று ஒரு மணி நேரங்கூட வெறுமையாயிருக்கவில்லை. "தம்பி, எல்லாம் இருக்கிறது, ஜெபத்திற்கு எந்த நேரம் என்று காணோமே?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். "நடந்து போகும்போது ஜெபித்துக்கொள்வேன், ஐயா" என்றார்.

சற்று நேரம் கழித்து, மிகுந்த தயக்கத்தோடு, "தவறாக எண்ணாதீர்கள், ஐயா. நீங்கள் எப்போது ஜெபிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன்; வார்த்தை வரவில்லை. ஜெபத்தைக் குறித்து அந்த மாதத்தில் மட்டும் பல கூட்டங்களில் பேசியிருந்தேன். ஆனால் கதவைப் பூட்டி, பிதாவின் சமுகத்தில் அவசரமின்றி அமர்ந்திருந்த நாட்களை எண்ணிப் பார்க்க ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. அன்றிரவு நாங்கள் இருவரும் முழங்காலில் நின்று கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவருக்குப் போதிக்கும்படி சென்ற நான், அவரால் போதிக்கப்பட்டுத் திரும்பினேன்.

அந்தக் கேள்வியையே இம்மாதம் உங்கள் முன்பாகவும் வைக்க விரும்புகிறேன். நாம் ஜெபிக்கிறோமா என்பதல்ல கேள்வி. விசுவாசி எவரும் ஏதாவது ஒரு நேரத்தில் ஜெபிக்கத்தான் செய்கிறார். நம் வாழ்வில் ஜெபம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சுகிற நேரத்திலா? அல்லது எல்லாவற்றிற்கும் முன்பாகவா?

நல்ல வேலையே தடையாகும்போது

ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் உட்பூசலை அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர் முறுமுறுத்தார்கள். அந்தக் குறை நியாயமானது. பசித்திருக்கும் விதவைக்கு உணவளிப்பது தேவனுக்குப் பிரியமான செயல். அப்போஸ்தலர்கள் தாங்களே முன்னின்று அதைச் செய்திருந்தால் சபையார் அனைவரும் அவர்களைப் புகழ்ந்திருப்பார்கள்.

ஆனால் அவர்கள் செய்தது என்ன? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைச் சபையார் தெரிந்தெடுக்கச் செய்து, அந்தப் பணியை அவர்களிடம் ஒப்புவித்தார்கள். தாங்களோ ஜெபத்திலும் தேவ வசனத்தைப் போதிப்பதிலும் தரித்திருக்கத் தீர்மானித்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஜெபம், பின்பு வசனம். பிரசங்கத்திற்கு உதவியாக ஜெபத்தை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெபத்தையே ஓர் ஊழியமாக, அதிலும் முதலாவது ஊழியமாக எண்ணினார்கள்.

இதனால் பந்தி விசாரணை தாழ்ந்த வேலை என்று அவர்கள் கருதியதாக எண்ணிவிடக் கூடாது. அதைச் செய்வதற்கும் ஆவியினால் நிறைந்தவர்களையே தேடினார்களே! அந்த எழுவரில் ஒருவராகிய ஸ்தேவான்தான் பிற்பாடு இரத்தசாட்சியாக மரித்தார். அப்போஸ்தலர்கள் அறிந்திருந்தது இதுதான்: பாவம் மட்டுமே ஜெபத்தைத் திருடுவதில்லை, நல்ல வேலையும் திருடும். கெட்ட காரியம் நம்மை ஜெபத்திலிருந்து இழுக்கும்போது மனச்சாட்சி குத்துகிறது. நல்ல காரியம் இழுக்கும்போதோ மனச்சாட்சி மெச்சிக்கொள்கிறது. ஆகவே அதுவே அதிக ஆபத்தானது.

அவர்களுடைய தீர்மானத்தின் விளைவையும் அதே பகுதியின் முடிவில் வாசிக்கிறோம். தேவ வசனம் பெருகிற்று. சீஷர்களின் தொகை எருசலேமில் மிகவும் அதிகமாயிற்று. ஆசாரியர்களிலும் அநேகர் விசுவாசத்திற்குக் கீழ்ப்படிந்தார்கள். ஜெபத்திற்காக ஒதுக்கிய நேரத்தினால் ஊழியம் குறைந்துபோகவில்லை, பெருகிற்று.

இதை அவர்கள் யாரிடம் கற்றுக்கொண்டார்கள்? மாற்கு முதலாம் அதிகாரத்தில் கப்பர்நகூமின் ஒரு ஓய்வுநாளைப் பார்க்கிறோம். ஜெப ஆலயத்தில் போதனை, அசுத்த ஆவியைத் துரத்துதல், பேதுருவின் மாமிக்குச் சுகம் அளித்தல், சூரியன் அஸ்தமித்தபின் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிவருதல் என்று அந்த நாள் முடிகிறது. இத்தனை உழைப்புக்குப் பின் மறுநாள் சற்று அதிகநேரம் இளைப்பாறியிருக்கலாம் அல்லவா? ஆனால் ஆண்டவரோ இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்திற்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீஷர் வந்து சொன்னபோதும், அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகவேண்டும் என்றார். எங்கே போகவேண்டும், எதை விடவேண்டும் என்கிற தெளிவு அவருக்கு ஜெப வேளையில் உண்டாயிற்று. தேவகுமாரனுக்கே அது தேவையாயிருந்ததென்றால், நமக்கு எவ்வளவு அதிகமாய்த் தேவை!

மாதத்தின் முதல் திங்கட்கிழமை

நம் தேசத்தின் சுவிசேஷ வரலாற்றிலேயே இதற்கு ஓர் அருமையான சாட்சி உண்டு. செராம்பூரில் ஊழியஞ்செய்த வில்லியம் கேரியை நாம் எல்லாரும் அறிவோம். அவர் 1793-ல் கப்பலேறியதையும், வேதாகமத்தை வங்காள மொழியில் மொழிபெயர்த்ததையும் அறிவோம். ஆனால் அவர் கப்பலேறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒன்றை நம்மில் பலர் அறியோம்.

1784-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியின் பாப்டிஸ்ட் சபைப் போதகர்கள் கூடினார்கள். அவை சிறிய சபைகள். செல்வாக்கில்லாத எளிய மக்களின் சபைகள். ஆவிக்குரிய அனலும் குறைந்திருந்த காலம். ஏற்கெனவே 1747-ல் அமெரிக்காவின் ஜோனத்தான் எட்வர்ட்ஸ், தேவனுடைய ராஜ்யம் பரவுவதற்காக விசுவாசிகள் ஒருமித்து ஜெபிக்க வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு நூலை வெளியிட்டிருந்தார். அது ஏறக்குறைய 37 ஆண்டுகளுக்குப் பின் இந்தப் போதகர்களின் கைக்கு வந்தது. ஆல்னி என்னும் ஊரின் போதகர் ஜான் சட்கிளிஃப் அந்தக் கூட்டத்தில் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் சபைகள் கூடி ஜெபிக்க வேண்டும். தங்கள் சபைக்காக மட்டுமல்ல. மற்ற சபைகளுக்காகவும், பூமியின் கடைசி எல்லைகள்வரை சுவிசேஷம் செல்லுவதற்காகவும் ஜெபிக்க வேண்டும். வேண்டுகோள் அவ்வளவுதான்.

சிந்தித்துப் பாருங்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு ஒரு மிஷன் சங்கம் இல்லை, ஒரு மிஷனெரி இல்லை, நிதி இல்லை, எந்த நாட்டிற்குப் போவது என்கிற திட்டமும் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் மாதத்தில் ஒரு மணி நேர ஜெபம் மட்டுமே. திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து களைத்து வந்த விவசாயிகளும் கைத்தொழிலாளிகளும் கூடி, தாங்கள் ஒருபோதும் காணப்போகாத தேசங்களுக்காக ஜெபித்தார்கள். ஒரு மாதமல்ல, ஓர் ஆண்டல்ல, எட்டு ஆண்டுகள். காணும்படியான பலன் ஒன்றும் இல்லாதபோதும் நிறுத்திவிடவில்லை.

அந்த ஜெபக் குழுக்களின் நடுவில்தான், செருப்புத் தைக்கும் தொழிலாளியும் போதகருமாயிருந்த ஒரு வாலிபனின் உள்ளத்தில் உலகத்தைக் குறித்த பாரம் வளர்ந்தது. 1792-ல் கேரி ஒரு சிறு நூலை வெளியிட்டார். உலக நாடுகளின் மக்கள்தொகை, அவர்களுடைய சமயநிலை ஆகியவற்றை அட்டவணையிட்டு, சுவிசேஷம் அறிவிக்கும் கடமை இன்றும் சபைக்கு உண்டு என்று அதில் நிலைநாட்டினார். அந்தக் கடமையை நிறைவேற்ற வழி என்ன என்று எழுதும்போது, அவர் முதலாவது குறிப்பிட்டது ஊக்கமான, ஒருமனப்பட்ட ஜெபத்தை. மாதாந்தர ஜெபக்கூட்டங்கள் வீணாய்ப் போகவில்லை என்றும் சாட்சி பகர்ந்தார். அதன்பின்புதான் சங்கம் அமைப்பதைக் குறித்தும், ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு பென்னி கொடுப்பதைக் குறித்தும் எழுதினார்.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, கெட்டரிங் என்னும் ஊரில் ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் சங்கம் பிறந்தது. அன்று வாக்களிக்கப்பட்ட காணிக்கை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். நாம் இந்தத் தொகையை நினைவில் வைத்திருக்கிறோம். எட்டு ஆண்டுகளின் திங்கட்கிழமைகளையோ மறந்துவிட்டோம். ஆனால் பரலோகத்தின் கணக்குப் புத்தகத்தில் முதலாவது எழுதப்பட்ட வரவு அந்தத் திங்கட்கிழமைகளே என்று நான் நம்புகிறேன்.

பலன் காணாத ஏழு ஆண்டுகள்

1793 நவம்பரில் கேரியின் குடும்பம் வங்காளத்தில் வந்திறங்கியது. உடனே அறுவடை தொடங்கிற்றா? இல்லை. கையிலிருந்த பணம் சீக்கிரமே தீர்ந்தது. பிழைப்புக்காக முட்னாபாட்டியில் ஓர் அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1794-ல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் மரித்தான். மொழியைக் கற்றார்; கிராமம் கிராமமாய்ப் பிரசங்கித்தார்; கேட்டவர்கள் தலையசைத்துப் போனார்கள். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு கடந்தது. அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற வங்காளி ஒருவரும் முன்வரவில்லை.

1800 நவம்பரில், செராம்பூரில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, தோள் மூட்டு விலகிற்று. மிஷனெரியும் மருத்துவருமாகிய ஜான் தாமஸ் வந்து அதைச் சரிப்படுத்தி, கிறிஸ்துவைப் பற்றியும் சொன்னார். வலியோடிருந்த அந்த மனிதர் தம் பாவத்தை உணர்ந்து அழுதார். அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி, ஹூக்ளி ஆற்றில் கேரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் அன்றுதான் ஞானஸ்நானம் பெற்றார். கரையில் நின்ற டேனிய ஆளுநர் கண்ணீர் விட்டார். வந்திறங்கி ஏழு ஆண்டுகள். முதல் திங்கட்கிழமை ஜெபம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள். அந்த ஒரு தச்சர் பின்பு தாமே சுவிசேஷகராகி, அநேகருக்குக் கிறிஸ்துவை அறிவித்தார்.

எலியா கர்மேல் பர்வதத்தின்மேல் முகங்குப்புற விழுந்து மழைக்காக ஜெபித்தபோது, சமுத்திர முகமாய்ப் பார்க்கும்படி ஊழியக்காரனை அனுப்பினார். ஒன்றும் இல்லை என்று அவன் திரும்பி வந்தான். மறுபடியும் போ என்றார், மறுபடியும் ஒன்றுமில்லை. ஆறுமுறை வெறுமையான வானத்தைப் பற்றிய செய்தியே வந்தது. ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம் எழும்பிற்று. தேவன் மழையை அனுப்புவதாக முன்னமே வாக்குப்பண்ணியிருந்தார். ஆயினும் எலியா ஜெபிப்பதை விடவில்லை. வாக்குத்தத்தம் இருக்கிறதே, இனி ஜெபம் எதற்கு என்று நாம் கேட்கிறோம். வாக்குத்தத்தம் இருப்பதாலேயே ஜெபிக்கிறேன் என்றது அவருடைய விசுவாசம்.

படுக்கையே பணித்தளமாக

கேரியின் ஊழியத்தைக் குறித்துப் பேசுகிறவர்கள் அவருடைய தங்கையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. மேரி என்பது அவருடைய பெயர். வீட்டார் பாலி என்று அழைத்தார்கள். வாலிப வயதிலேயே முடக்குவாதத்தினால் படுக்கையில் விழுந்த அவர், சுமார் 50 ஆண்டுகள் அந்தப் படுக்கையிலேயே கழித்தார். அண்ணன் வங்காளத்தில் எதிர்கொண்ட சோர்வுகளையும், மொழிபெயர்ப்பின் கடினங்களையும் கடிதங்களில் எழுதினார். இங்கிலாந்தில் படுத்திருந்த தங்கை அவற்றை ஒவ்வொன்றாகக் கர்த்தரிடத்தில் எடுத்துச் சென்றார். மிகுந்த பிரயாசத்தோடு தாமே பதில் கடிதங்களும் எழுதினார்.

கேரியின் பெயரில் கல்லூரிகள் உண்டு. நினைவுச் சின்னங்கள் உண்டு. பாலியின் பெயரில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கர்த்தருடைய நாளில், கேரியின் கிரீடத்தில் பாலியின் பங்கு எவ்வளவு என்று நாம் காண்போம்.

அன்பான தாய்மார்களே, ஓய்வுபெற்ற பெரியோர்களே, நோயினால் வீட்டோடு அடைபட்டிருப்போரே! "என்னால் இனி என்ன ஊழியம் செய்ய முடியும்?" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? உங்களுக்கு ஊழியம் முடிந்துவிடவில்லை. மற்றவர்கள் வேலை மிகுதியால் தவறவிடுகிற முதலாவது ஊழியம் உங்கள் கரத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எப்பாப்பிரா என்னும் மனிதரைக் குறித்துப் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, அவர் அவர்களுக்காக ஜெபத்தில் போராடுகிறவர் என்றே சாட்சி கொடுக்கிறார். அதைவிட மேன்மையான நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்?

கேட்டது கிடைக்காதபோது

பிரியமானவர்களே, இங்கே ஒரு வேதனையான உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேரியின் மனைவி டாரதி, மகனை இழந்த துயரத்திற்குப் பின் மனநோய்க்கு ஆளானார். கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்ற அந்த மகிழ்ச்சியின் நாளிலும் அவர் சித்தம் கலங்கிய நிலையில் அறையில் அடைபட்டிருந்தார். 1807-ல் அவர் மரிக்கும்வரை சுகம் கிடைக்கவில்லை. வங்காளத்தின் ஆத்துமாக்களுக்காக மன்றாடின கேரி, தம் சொந்த மனைவிக்காக மன்றாடியிருக்க மாட்டாரா? நிச்சயமாக மன்றாடியிருப்பார். ஒரு ஜெபத்திற்கு ஹூக்ளி ஆற்றில் பதில் கிடைத்தது. மற்றொரு ஜெபம் அவருடைய வீட்டிற்குள் பதிலின்றியே நின்றது.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படிப்பட்ட ஓர் அறை வீட்டில் இருக்கலாம். குடியிலிருந்து விடுபடாத கணவர், கர்த்தரை விட்டு விலகிப்போன மகன், குணமாகாத பிள்ளை. "பதினைந்து ஆண்டுகளாக ஜெபிக்கிறேன், ஐயா. இனி எப்படி ஜெபிப்பதென்று தெரியவில்லை" என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார்கள். விடாமல் ஜெபித்தால் கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்கும் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, போதுமான கிருபை கிடைத்தது. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றுமுறை ஜெபித்தார்; பாத்திரம் நீங்கவில்லை, அதைப் பருகப் பெலன் கிடைத்தது.

ஆயினும் அந்தத் தாயாரிடம் ஒன்றைச் சொன்னேன்: "அம்மா, பதினைந்து ஆண்டுகள் கேட்கப்படாத ஜெபம் என்று எண்ணாதீர்கள். பதினைந்து ஆண்டுகள் நீங்கள் அவருடைய பாதத்தை விட்டுப் போகாதிருந்தீர்களே! உங்களைப் பிடித்து வைத்திருந்தவர் யார்?" அவர்கள் நெடுநேரம் அழுதார்கள். பின்பு, "சரி ஐயா, இன்றைக்கும் ஜெபிக்கிறேன்" என்றார்கள். விடாத ஜெபம் என்பது அதுதான். பதினைந்து ஆண்டுகளையும் ஒரே நாளில் சுமக்கத் தேவையில்லை. இன்றைக்கும் ஜெபிக்கிறேன் என்றால் போதும்.

விதவையும் நியாயாதிபதியும்

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை சோர்வுள்ளவர்களுக்காகவே சொல்லப்பட்டது. பணமோ, பரிந்து பேச ஆளோ இல்லாத ஒரு விதவை; தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதியாத ஒரு நியாயாதிபதி. அவளிடத்தில் இருந்த ஒரே ஆயுதம் திரும்பத் திரும்ப வருவது. அவளுடைய தொந்தரவு தாங்காமல் அவன் நியாயஞ்செய்தான்.

இந்த உவமையைத் தவறாகப் புரிந்துகொள்ளுகிறவர்கள் உண்டு. தேவனும் அந்த நியாயாதிபதியைப் போல் மனமில்லாதவர், நாம் தொந்தரவு செய்தால்தான் இறங்குவார் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர் காட்டுவது ஒப்புமை அல்ல, வேற்றுமை. அந்த விதவை அந்நியள், நாமோ பிள்ளைகள். அவன் அநீதியுள்ளவன், நம் பிதாவோ நீதியும் இரக்கமும் உள்ளவர். அப்படிப்பட்டவனிடமே அவள் சோர்ந்துபோகாமல் சென்றாளென்றால், இப்படிப்பட்டவரிடம் நாம் ஏன் சோர்ந்துபோக வேண்டும்?

விடாமல் ஜெபிப்பதும், வீணாய் அலப்புவதும் ஒன்றல்ல. அதிக வார்த்தைகளினால் தேவனை இணங்கச் செய்யலாம் என்று எண்ணுவது அஞ்ஞானம் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கண்டித்தார். விடாத ஜெபம் தேவனுடைய மனதை வளைப்பதற்காக அல்ல. நம்முடைய மனதை அவருக்கு நேராகத் திருப்பி வைப்பதற்காக. ஒரு காரியத்தை ஒருமுறை கேட்டு மறந்துவிடுகிறவருக்கு அது ஆசை மட்டுமே. ஆண்டுக்கணக்காய்க் கேட்கிறவருக்கோ, அந்த ஆசை சுத்திகரிக்கப்பட்டுப் பாரமாக மாறுகிறது. சில வேளைகளில் ஜெபிக்கிறவரே அந்த ஜெபத்தின் பதிலாக மாறிவிடுகிறார். சுவிசேஷம் பரவவேண்டும் என்று ஜெபித்தவர்களின் நடுவிலிருந்துதானே கேரி புறப்பட்டார்!

உவமையின் முடிவில் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்கிறார். மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ? நியாயாதிபதியைப் பற்றிய உவமையில் விசுவாசத்தைப் பற்றிய கேள்வி ஏன்? விசுவாசம் உயிரோடிருக்கிறதா என்பதைச் சோர்ந்துபோகாத ஜெபமே காட்டுகிறது. மூச்சு நின்றால் உயிர் இல்லை என்று அறிகிறோம். ஜெபம் நின்றுபோன விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்லுவோம்?

எழுபது பேர் ஐந்நூற்றைம்பது ஆனபோது

ஒருமனப்பட்ட ஜெபம் மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதல்ல. புனே நகருக்கு அருகிலுள்ள கேட்காவ் என்னும் ஊரில், பண்டித ரமாபாய் அம்மையார் விதவைகளுக்கும் பஞ்சத்தில் அநாதைகளான பெண்பிள்ளைகளுக்கும் முக்தி என்னும் இல்லத்தை நடத்திவந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவு, கல்வி, கைத்தொழில், மருத்துவம் என்று ஓயாத வேலை. நேரமில்லை என்று சொல்ல அவரைவிட அதிக நியாயம் யாருக்கு இருந்திருக்கும்? ஆயினும் 1905 ஜனவரியில், எழுப்புதலுக்காகத் தினமும் தம்முடன் கூடி ஜெபிக்க யார் முன்வருவீர்கள் என்று அவர் கேட்டார். எழுபது பேர் முன்வந்தார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் தொகை பெருகி, தினமும் இருவேளை 550 பேர் கூடி ஜெபித்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அந்த இல்லத்தில் மிகுந்த பாவ உணர்வும் மனந்திரும்புதலும் உண்டாயின. அங்கிருந்து பிள்ளைகள் குழுக்களாகச் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள்.

அங்கும் அதே வரிசைதான். முதலில் ஜெபம், பின்பு புறப்படுதல்.

இம்மாதமே தொடங்குவோம்

கேட்டு மறந்துவிடாதபடி, நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நேரத்தைக் குறியுங்கள். தானியேல் ஒரு பேரரசின் மூன்று பிரதானிகளில் ஒருவர், வேலையற்றவர் அல்ல. ஆயினும் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார். ராஜாவின் கட்டளை வந்தபின்பும் முன் செய்துவந்தபடியே செய்தார். ஆபத்து நாளில் அவரை நிறுத்தினது, ஆபத்தில்லாத நாட்களின் பழக்கம். அரை மணி நேரமானாலும் அதைக் குறித்து வையுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். காலையில் முதலாவது நாம் பார்ப்பது அதன் திரையா, ஆண்டவரின் முகமா என்பதைக்கொண்டே நம் முதலிடம் யாருக்கு என்று அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, பெயர்களை எழுதுங்கள். "மிஷனெரிகளை ஆசீர்வதியும்" என்று பொதுவாய் ஜெபிப்பதில் பாரம் உண்டாவதில்லை. ஒரு மிஷனெரி குடும்பத்தின் பெயரையும், ஒரு மக்கள் இனத்தின் பெயரையும், இரட்சிக்கப்படாத உங்கள் உறவினர் ஒருவரின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியையும் குறித்து, நாள்தோறும் ஜெபியுங்கள். பதில் வரும் நாளில் அந்தத் தேதிக்கு எதிரே எழுதி ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.

மூன்றாவது, கூடி ஜெபியுங்கள். மாதத்தில் ஒரு மாலை உங்கள் வீட்டைத் திறந்து கொடுங்கள். இரண்டு பேர் வந்தாலும் தொடங்குங்கள். ஆனால் ஜெபக்கூட்டம் என்று அழைத்து, ஐம்பது நிமிடம் பேசி, பத்து நிமிடம் ஜெபிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; கண் மூடி அழுகிற தாயைக் கண்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

நான்காவது, ஜெபித்தபின் எழுந்திருங்கள். ஜெபத்தை முதலாவது வைத்த கேரி, அதோடு நிறுத்தவில்லை. காணிக்கையையும், திட்டத்தையும், தம்மையே கொடுப்பதையும் அதன்பின் வைத்தார். நாம் ஜெபிக்கிற காரியத்திற்கு நம்மால் இயன்றதைச் செய்ய மறுத்தால், ஜெபமே ஒரு சாக்காகிவிடும்.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இளம் மிஷனெரி, அன்று இரவு தம்முடைய நாட்குறிப்பில் ஒரு மாற்றம் செய்தார். காலை ஐந்து முதல் ஆறு மணிவரை இருந்த இடத்தில் கட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் ஒன்றும் எழுதாமல் விட்டார். "இது ஆண்டவருக்கு, ஐயா. இதற்குள் வேறு யாரையும் எழுதமாட்டேன்" என்றார். ஊருக்குத் திரும்பும் இரயிலில் நானும் என் நாட்குறிப்பை எடுத்து அப்படியே ஒரு கட்டம் வரைந்தேன். அந்தக் கட்டத்தை நான் தவறவிட்ட நாட்களும் உண்டு. அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மறுநாள் காலை அது மறுபடியும் வெறுமையாய் எனக்காகக் காத்திருக்கிறது. கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகளாய் இருப்பதால் மறுபடியும் தொடங்குகிறேன்.

இந்தப் பத்திரிகையை மூடி வைக்குமுன், உங்கள் நாளிலும் அப்படி ஒரு கட்டம் வரைவீர்களா?

ஜெபம்: எங்கள் அன்பின் பரலோக பிதாவே, வேலையின் மிகுதியால் உம்முடைய சமுகத்தை அலட்சியம் செய்த எங்களை மன்னியும். நாங்கள் செய்கிறவற்றில் ஜெபத்தை முதலாவதாக வைக்க எங்களுக்குக் கிருபை தாரும். நெடுநாட்களாய்க் காத்திருந்து சோர்ந்துபோன உம்முடைய பிள்ளைகளின் கைகளைத் தூக்கிப் பிடியும். பணித்தளங்களில் பலன் காணாமல் கண்ணீரோடு விதைக்கிற உம்முடைய ஊழியர்களை நினைத்தருளும். உம்முடைய குமாரன் வரும்போது எங்களிடத்தில் விசுவாசத்தைக் காணும்படி, இன்றைக்கும் ஜெபிக்க எங்களுக்கு உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.